பிளஸ் மைனஸ் சாரும் பொன்னிக் குழியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். பேயே பார்த்துப் பயப்படக்கூடிய ஆள் என்றால் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பிளஸ் மைனஸ் சார். சொந்தப் பெயரை எழுதினால் அவர் ஊரான கோட்டைப்பட்டினத்தில் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும், அவ்வளவு பேருக்கு அந்தப் பெயர் உண்டு. அதனால் பட்டப்பெயரே இருக்கட்டும்.

நான் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, கீரனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் கார்டுகளுக்கு முன்புறம் பின்புறம் பார்த்துக்கொண்டிருந்த காலம். கடைக்கு ஒரு நோட்டீஸ் நூறு பிரதி எடுக்க வந்தது. ‘சூரிய விளக்கை நீங்களே செய்யலாம். கிராமப்புற இளைஞர்களுக்கு நாற்பத்தைந்து நாள் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு இலவசம்.’ நூற்றியோராவது பிரதியை எனக்காக எடுத்துக்கொண்டேன். கடைசி இரண்டு வார்த்தைகளைத்தான் அதிகம் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பயிற்சி நடந்த இடம் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வெளியே, மூடிப்போன ஒரு ரைஸ்மில். உள்ளே நுழைந்தால் பழைய தவிட்டு வாசனை. கூரையில் வௌவால்கள். மேலே பெல்ட் கழற்றப்பட்ட ஒரு பெரிய இரும்புச் சக்கரம் இருந்தது. காற்றடித்தால் அது தானாகச் சுற்றும். ‘க்ரீச்’ என்று அரைச் சுற்று, பிறகு ஏதோ யோசிப்பதுபோல ஒரு நிறுத்தம், பிறகு மீதி அரைச் சுற்று. பெண்களுக்கு ஆபீஸ் அறை, ஆண்களுக்கு நெல் குடோன் என்று ஒதுக்கியிருந்தார்கள்.

முதல் நாள் காலை ஒன்பதரை மணி. பன்னிரண்டு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தோம். ஒல்லியாக, உயரமாக, முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒருவர் வந்தார். காலில் செருப்பு இல்லை. வணக்கம் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கதவைச் சாத்தினார். கடைசியில் முன்பக்கத்துப் பெரிய ஷட்டரை இழுத்து இறக்கினார். பகல் ஒன்பதரை மணிக்கு அப்படி ஒரு இருட்டு இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம் ஆனது. மேலே சக்கரம் ஒருமுறை முனகியது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அறிமுகமான சகாயமேரி, ஆவூர்க்காரப் பெண், என் முழங்கையில் ஐந்து நகங்களையும் பதித்திருந்தாள். அப்போது என் காதுக்குப் பக்கத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாருக்கெல்லாம் பயமா இருக்கு?”

ஷட்டர் எங்களுக்கு முன்னால் இருந்தது. அவர் எப்போது பின்னால் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கிறீச்சிட்டு ஓர் அலறல் கேட்டது. பெண்களில் யாரோ என்று எல்லோரும் நினைத்தோம். மறுநாள்தான் அது அன்னவாசலிலிருந்து வந்திருந்த, ஆறடி உயரக் கருப்பையா என்று தெரிந்தது.

“பயந்தவங்க கையத் தூக்குங்க.”

இந்த இருட்டில் கை தூக்கினால் எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தூக்கினோம்.

“பன்னண்டு பேரும் தூக்கிருக்கீங்க. ரொம்ப நல்லது. இருட்டுன்னா பயப்படுறவனுக்குத்தான் வெளக்கு செய்ய வரும். பயமில்லாதவன் போயி வேற வேல பாக்கட்டும்.”

பன்னிரண்டு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பட்டப்பெயர் இரண்டாம் நாளே அமைந்துவிட்டது. சூரியப் பேனலிலிருந்து வரும் வயரை விளக்கின் சர்க்யூட் போர்டில் மாட்டும்போது பிளஸ்ஸை மைனஸிலும் மைனஸைப் பிளஸ்ஸிலும் கொடுத்துவிட்டால் போர்டு கருகிவிடும். அதனால் எதைத் தொட்டாலும் “பிளஸ் எங்க, மைனஸ் எங்க?” என்று கேட்பார். வயரில் மட்டும் என்றால் பரவாயில்லை. சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தால் கேட்பார். ஊருக்குப் போய்வர லீவு கேட்டால், “போறதுல பிளஸ் என்ன, மைனஸ் என்ன?” என்பார். ஒருநாள் கழிப்பறைக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருந்த கருப்பையாவிடமும் கேட்டார். அவன் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

அவர் மூக்கு ஒரு தனி அதிசயம். மில்லின் ஒரு கோடியில் யாராவது எதையாவது கருக்கினால், இன்னொரு கோடியில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மோந்து பார்ப்பார். “இது ரெசிஸ்டர் இல்ல. டையோடு. சகாயமேரி டேபிள்.” போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். சால்டரிங் செய்துகொண்டிருக்கும்போது கழுத்துக்குப் பின்னால் மூச்சுக் காற்று பட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவராகத்தான் இருக்கும். திரும்பினால் கையிலிருக்கும் சூட்டுக்கோல் விரலில் பட்டுவிடும். இப்படி மூன்று பேருக்குக் கொப்புளம்.

ஆனால் எங்களை உண்மையில் நடுங்க வைத்தது அவருடைய பிணவறைதான். மில் கணக்கர் ஒரு காலத்தில் பேரேடுகள் வைத்திருந்த கண்ணாடி அலமாரி அது. நாங்கள் கருக்கிய போர்டுகளையெல்லாம் அதில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிய ஓர் அட்டை. ‘பெயர்: சார்ஜ் கன்ட்ரோலர். வயது: இரண்டு நாள். இறந்த காரணம்: பிளஸ் மைனஸ் மாறியது. கொன்றவர்: கருப்பையா.’ தினமும் காலை வகுப்பு பிரேதப் பரிசோதனையில்தான் தொடங்கும். கொன்றவர் எழுந்து நின்று, எப்படிக் கொன்றேன் என்று விளக்க வேண்டும். மற்றவர்கள் தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் மௌனமாக இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கருப்பையா நான்கு கொலை செய்திருந்தான்.

“ஒரு போர்டுதானே சார்” என்று அவன் ஒருநாள் முணுமுணுத்தான்.

“ஒரு போர்டுதான். அது எரியலேன்னா அந்த வீட்ல அன்னிக்கு என்ன நடக்கும்? இருட்டுக்குள்ள ஒரு பொம்பள அடுப்புக்கிட்ட நடக்கும். ஒரு புள்ள கெணத்துப் பக்கம் தவழும். நான் அட்டையில போட்டுருக்கறது கொறச்சலு.”

விளையாட்டாக ஆரம்பிப்பார், இப்படித்தான் எங்காவது கொண்டுபோய் நிறுத்துவார். அதன் பிறகு வயரை மாட்டும்போது எங்கள் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

அவரைத் திருப்பிப் பயமுறுத்த வேண்டும் என்று கருப்பையா ஒரு திட்டம் போட்டான். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. சார் குடோனுக்குள் பேட்டரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கருப்பையா ஒரு வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல எழுந்து நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தான். நாங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“வந்ததுதான் வந்தீங்க, இந்த டார்ச்சக் கொஞ்சம் புடிங்க. கையி ரெண்டும் வேலையா இருக்கு.”

கருப்பையாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி டார்ச்சை வாங்கிக்கொண்டான். இருபத்திரண்டு பேட்டரி. முக்கால் மணி நேரம். “கொஞ்சம் இங்கிட்டு... இல்ல, அங்கிட்டு” என்று சார் சொல்லச் சொல்ல அந்தப் பேய் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பிடித்தது. முடிந்ததும், “ரொம்ப நன்றிங்க. போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க” என்றார். அவருக்கு ஆள் தெரிந்திருந்ததா, அல்லது உண்மையிலேயே பேய் என்றுதான் நினைத்தாரா? நாங்கள் கேட்கவில்லை. இரண்டாவது பதிலைக் கேட்க யாரும் தயாராக இல்லை.

முப்பதாம் நாள் வாக்கில் பரீட்சை வந்தது. எழுத்துப் பரீட்சை கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு தெருவிளக்கை முழுவதும் தானே செய்து, ஊரில் இருட்டிய பிறகு எல்லோரும் போகப் பயப்படும் ஓர் இடத்தில் நட்டு, அதன் கீழே தனியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

“நீ செஞ்ச வெளக்க நீயே நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?” என்றார்.

பன்னிரண்டு பேய் இடங்களுக்கு எங்கே போவது என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். ஊர்க்காரர்களைக் கேட்டபோது பத்தொன்பது சொன்னார்கள். அதில் பன்னிரண்டைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டிபன் பாக்ஸில் போட்டுச் சார் குலுக்கினார். கருப்பையாவுக்குச் சுடுகாட்டுக் கொட்டகை. சகாயமேரிக்கு இடிந்துபோன பழைய பஸ் ஸ்டாப். எனக்கு வந்த சீட்டில் ‘பொன்னிக் குழி’ என்று இருந்தது. சீட்டு எழுத உதவிய ஊர்க்கார அக்கா அதைப் பார்த்ததும், “ஆத்தாடி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பொன்னிக் குழி என்பது கைவிடப்பட்ட ஒரு கல் குவாரி. கீழே நாற்பதடி ஆழத்தில் பாசி படிந்த தண்ணீர். பக்கச் சுவர்கள் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். கல் உடைக்க வந்த பொன்னி என்ற பெண் பல வருஷத்துக்கு முன்னால் அதில் விழுந்து இறந்துபோனாளாம். மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு வரும் குறுக்குப் பாதை அந்தக் குழியின் ஓரமாகத்தான் போகிறது. அதில் வந்தால் பத்து நிமிஷம். சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம். திருச்சியில் ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்துவிட்டு ஆறரை மணி பஸ்ஸில் இறங்கும் பெண்கள், நாள் முழுவதும் நின்ற காலோடு, சுற்றித்தான் வந்தார்கள்.

கம்பம் நடுவதற்கு இரண்டரை அடி தோண்ட வேண்டும். ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. கடப்பாரை போட்டுப் பார்த்தேன், கை காந்தியது. போதும் என்று குழாயை இறக்கி, சுற்றிலும் கல்லைப் போட்டு இறுக்கிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் விளக்கில் ஒரு சென்சார் உண்டு. இருட்டியதும் விளக்கு தானாக எரியத் தொடங்கும். ஆள் இல்லாதபோது மங்கலாக எரியும், பேட்டரி மிச்சமாகும். உயிருள்ள ஏதாவது பக்கத்தில் அசைந்தால் அதன் உடம்புச் சூட்டைக் கண்டு பளீரென்று எரியும். இருபது விநாடி கழித்து மறுபடி மங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு அதன் கீழே உட்கார்ந்தேன். நான் அசைந்தால் விளக்கு பளீரென்று எரிந்தது. பிறகு அசையாமல் இருந்தேன், மங்கியது. எதிரே குழியின் விளிம்பு மட்டும் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே தண்ணீரில் ‘களக்’ என்று ஒரு சத்தம். தவளை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு சத்தம் இல்லை. அந்த அமைதி தவளையைவிட மோசமாக இருந்தது.

ஏழு மணி இருக்கும். நான் அசையவில்லை. மூச்சைக்கூடப் பாதிதான் விட்டுக்கொண்டிருந்தேன். விளக்கு பளீரென்று எரிந்தது.

யாரும் இல்லை. பாதை வெறுமையாகக் கிடந்தது. மங்கியது. மறுபடி பளீரென்றது. எனக்குப் பின்னால் யாரோ நடந்து கடந்துபோவது போல இருந்தது. திரும்பிப் பார்க்க என் கழுத்து மறுத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த தேசிய கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை மனசுக்குள் ஆறு தடவை பாடினேன். ஏழரை ஆனதும் எழுந்து ஓடிய ஓட்டத்தை மாவட்டப் போட்டியில் ஓடியிருந்தால் இன்று எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை சாரிடம் சொன்னேன். நான்கு தடவை, ஆளே இல்லாமல் எரிந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பேய்க்குக் காய்ச்சல் அடிக்குமா வசந்தி?”

“அடிக்காது சார்.”

“ஒடம்புச் சூடு இருக்குமா?”

“ஒடம்பே இருக்காதே சார்.”

“அப்ப நம்ம சென்சார் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நல்லா மனசுல வச்சுக்க. வெளக்கு பளிச்சுன்னு எரிஞ்சா அங்க உசுரோட ஒன்னு இருக்கு. பயப்படணும்னா வெளக்கு எரியாதப்பப் பயப்படு.”

நேராகக் குழிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையை நீட்டச் சொன்னார். உருண்டையாக எதையோ என் உள்ளங்கையில் வைத்தார். முயல் புழுக்கை.

“இந்தா, ஒன் பேயி.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “ஒன் கம்பம் குழியப் பாத்துச் சாஞ்சிருக்கு. எத்தன அடி தோண்டுன?”

“ரெண்டரை சார்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “திங்கக்கெழம சரி பண்ணிரு. மழ வந்தா விழுந்துரும்” என்றார். சரி சார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சார் காலை எட்டு மணிக்கே தோளில் பையோடு கிளம்பினார். கோட்டைப்பட்டினத்துக்குப் போய் உம்மாவைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். நாங்கள் அவர் போன சந்தோஷத்தில் பத்து மணிவரை தூங்கினோம். துணி துவைத்தோம். அலமாரிக்கு முன்னால் நின்று அவரைப் போலவே மோந்து பார்த்து, கருப்பையா எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஊருக்குள்ளிருந்து ஒரு சேதி வந்தது. சீட்டு எழுத உதவிய அதே அக்காதான் வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“வசந்தி, நீ ஒங்க ஊருக்குப் போயிரும்மா. இன்னிக்கே போயிரு.”

“ஏங்க்கா?”

“ஆட்டுக்காரரு குழிப் பக்கம் போயிருக்காரு. உள்ளேருந்து ஒரு சத்தமாம். கம்மிப்போன கொரலு. ஒன் பேரச் சொல்லிக் கூப்புடுதாம். வசந்தி, வசந்தின்னு. ஆட்டக்கூட ஓட்டாம ஓடியாந்துட்டாரு. அன்னிக்கு நீ அங்க போயி ஒக்காந்தேல்ல, ஒன்னப் புடிச்சுப்போச்சு அவளுக்கு.”

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்காரர் அந்த ஊரிலேயே அதிகம் கதை விடுபவர் என்று கருப்பையா சொன்னான். கதையாகவே இருக்கட்டும், என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? சகாயமேரி தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். துணிகளை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு எடுத்து வெளியே வைத்தேன். பஸ்ஸுக்குப் போக வேண்டுமென்றால் குழியைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் தனியாகச் சுற்ற வேண்டும்.

ஆறே முக்காலுக்கு வெளியே கூச்சல் கேட்டது. பஸ்ஸில் இறங்கிய பெண்கள் மூன்று பேர். புது விளக்கு வந்துவிட்டதே என்று முதல்முறையாகக் குறுக்குப் பாதையில் வந்திருக்கிறார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டு, வந்த வழியில் திரும்பாமல் வயலுக்குள் விழுந்து மில்லை நோக்கி ஓடி வந்திருக்கிறார்கள். ஒருத்தி செருப்பைக் காணோம்.

“லைட்டு எரியுது, அணையுது, எரியுது, அணையுது! சுத்தி ஒரு ஈ, காக்கா இல்ல!”

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த பயிற்சி நிலைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து சாருடைய உம்மா.

“ஏம்மா, எம்புள்ளக்கி அங்க வேல ஏதும் வந்துருச்சா? மத்தியானச் சோத்துக்கு வாரேன்னான். இன்னும் வரலயே. போனு போட்டா போகமாட்டேங்குது.”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அந்தப் பெண்களிடம் கேட்டேன்.

“எப்புடி எரிஞ்சது? கன்னாபின்னான்னா, இல்ல ஒரு கணக்காவா?”

“என்னத்தக் கணக்கு! மூணு வாட்டி எரிஞ்சுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் சும்மா கெடந்துச்சு. மறுபடி மூணு வாட்டி.”

முயலுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாது.

“கருப்பையா, ஏணிய எடு!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குழியை நோக்கித்தான் ஓடுகிறேன் என்பது ஒவ்வொரு அடியிலும் எனக்குத் தெரிந்திருந்தது. பின்னால் கருப்பையாவும் சகாயமேரியும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தூரத்தில் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. நாங்கள் இன்னும் நூறடி தள்ளி இருந்தோம். எங்கள் சூடு அதற்கு எட்டாது. பாதையில் யாரும் இல்லை. அப்போது அது பளீரென்று எரிந்தது. இரண்டாவது முறை எரிந்தபோதுதான் கம்பத்தைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை இருந்ததைவிட நன்றாகச் சாய்ந்து, குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை எரிந்தபோது குழியின் விளிம்புக்கு மேலே ஒரு கை தெரிந்தது. மெல்லிய, வெளுத்த, ஆடுகிற ஒரு கை.

சகாயமேரி “சேசுவே” என்றாள். ஏணியின் ஒரு முனை கீழே விழுந்தது.

நான் தரையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஏழடிக்குக் கீழே, படி போல வெட்டிய ஒரு பாறையில், சுவரில் சாய்ந்துகொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார் பிளஸ் மைனஸ் சார். இன்னொரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகமெல்லாம் கல்தூசி. அதற்குக் கீழே முப்பதடிக்கு ஒன்றும் இல்லை, தண்ணீர்தான்.

“தண்ணி இருக்கா?” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

“சார்... எப்ப சார் விழுந்தீங்க?”

“காலையில. பஸ்ஸுக்குப் போற வழிதானேன்னு ஒன் கம்பத்த நிமித்தப் பாத்தேன். அதுவும் நானும் சேந்து சாஞ்சிட்டோம். போனு தண்ணிக்குள்ள போயிருச்சு.”

கருப்பையா ஏணியை நகர்த்தினான். போகிற போக்கில் கம்பத்தில் கை வைத்து நிமிர்த்தப் போனான்.

“தொடாத!” சார் அந்தக் காற்றுக் குரலிலேயே கத்தினார். “அத இப்ப நிமித்துனா என்னயப் பாக்காது. நான் மேல ஏறுற வரைக்கும் அது அப்படியே கெடக்கட்டும். ஓரம் பொறபொறன்னு இருக்கு, பாத்து எறங்கு.”

கருப்பையா ஏணியில் இறங்கி அவரைத் தோளில் தாங்கினான். அதற்குள் ஊர் ஆட்கள் கயிறோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை விளக்கு மங்கும்போதும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கையை ஆட்டினோம், அது பளீரென்று எரிந்தது. அப்படித்தான் அவரை மேலே கொண்டுவந்தோம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன்.

“மத்தியானத்தோட கொரல் போயிருச்சு” என்றார். “ஒரு ஆளு வந்தான். கூப்புட்டேன், ஓடிட்டான். அப்புறம் இருட்டட்டும், சீக்கிரம் இருட்டட்டும்னு காத்துக்கிட்டுக் கெடந்தேன். வாழ்க்கையில ஒருநாளும் இருட்ட அப்படித் தேடுனதில்ல.”

“ஏன் சார் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டீங்க?”

“கம்பம் நட்டது நீதான? வேற யாரக் கூப்புடுறது?”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “ரெண்டரை அடி தோண்டல சார். ஒன்றரை அடிதான். பாற தட்டுச்சு, விட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன்” என்று அழுதேன்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“நிமித்துறப்பப் பாத்தேன், குழாயில மண்ணு பட்ட அடையாளம் ஒன்றரை அடிக்குத்தான் இருந்துச்சு.” கண்ணை மூடிக்கொண்டார். “நேரா நட்டிருந்தா நான் விழுந்துருக்க மாட்டேன். நேரா நட்டிருந்தா என்னய எடுத்திருக்கவும் மாட்டீங்க. இத எந்தக் கணக்குல எழுதுறதுன்னு காலையிலேருந்து யோசிச்சுப் பாத்துட்டேன். புரியல. நீ அழுவாத, வலிக்கிறது எனக்கு.”

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்தார்கள். உம்மா வந்து பக்கத்திலேயே இருந்தார். நாங்கள் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்தோம். படுக்கையிலிருந்தே போனில் வகுப்பெடுத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி மூன்றாம் நாள் வேறு வார்டு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி.

பாறையை உடைக்கக் கம்ப்ரசர் வைத்திருந்தவரை வரவழைத்து, இரண்டரை அடி தோண்டி, காங்கிரீட் போட்டுக் கம்பத்தை நேராக நட்டேன். ஊர்க்காரர்கள் குழி ஓரத்தில் கம்பிவேலி போட்டார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் இப்போது பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. தான் கேட்டது பெண் குரல்தான் என்று இன்றும் சத்தியம் செய்கிறார். பொன்னி இரக்கப்பட்டு சாரை விட்டுவிட்டாளாம். இதைச் சாரிடம் சொன்னபோது, “இருக்கலாம். கீழ கெடந்தப்ப தனியா இருக்கற மாதிரி எனக்கும் தோணல” என்றார். அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

பயிற்சி முடிந்து நானும் சகாயமேரியும் கீரனூரில் ஒரு கடை வைத்திருக்கிறோம். சூரிய விளக்கு செய்கிறோம், பழுது பார்க்கிறோம். சார் இப்போது வேறு மாவட்டத்தில், வேறு பன்னிரண்டு பேரைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் மணமேல்குடியிலிருந்து ஒருவர் போன் செய்தார். தன் தங்கையைச் சாருக்குப் பெண் பேசியிருப்பதாகவும், என் நம்பரை அவருடைய உம்மாதான் கொடுத்ததாகவும் சொன்னார்.

“நீங்க அவருக்கிட்டப் படிச்சவுங்களாமே. தப்பா நெனைக்காதீங்க, ஆளு எப்புடிங்க?”

எதைச் சொல்வது? எதை மறைப்பது?

“ஆளு கொஞ்சம் ஒரு மாதிரிதாங்க” என்றேன்.

அவர் தப்பாக எடுத்துக்கொள்வதற்குள் சேர்த்துச் சொன்னேன்.

“எனக்குக் கூடப்பொறந்த அண்ணன் கெடையாதுங்க. இருந்தா இவர மாதிரி இருக்கணும்னு நெனச்சிருக்கேன்.”

“அது போதும்மா” என்றார்.